டிரைவரில் பயனர் நினைவகத்தை நகலெடுக்கும் பகுதியைச் சுருக்குதல்: மெம்டூப்_யூசர் போட்டால் போதுமா?

ஓசூர்_அதிர்வு | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட் பகுதியில் இயந்திர உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் பணிபுரிகிறேன். சுழலும் பாகங்களின் அதிர்வைப் பதிவு செய்யும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்று எங்களிடம் உள்ளது. அதை விற்றவர்கள் லினக்ஸ் டிரைவரின் மூலநிரலையும் உடன் கொடுத்திருந்ததால், இப்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பில் அதைப் பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

சென்சார்களுக்கான திருத்த அட்டவணையை ஓர் ஐஆக்டில் (ioctl, நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக டிரைவருக்கு அனுப்புகிறோம். தொடக்கத்தில் 8 பைட் தலைப்பு. அதைத் தொடர்ந்து 512 சேனல்களுக்குத் தலா 16 பைட். ஆக மொத்தம் 8200 பைட். மாதத்தில் ஓரிரு முறை, அட்டவணை ஏறிவிட்டது என்று மென்பொருள் சொல்லும்; ஆனால் அளவீடுகள் பழைய திருத்தத்தின்படியே வந்துகொண்டிருக்கும். மூன்று நாட்கள் சென்சார்களையும் கம்பிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் டிரைவரின் மேல் சந்தேகம் வந்தது. உள்ளே ஒரு பிரிண்ட் வரி சேர்த்துக் காத்திருந்ததில், தவறிய ஒரு முறை, பயனர் நிரலின் நினைவகத்திலிருந்து கெர்னலுக்கு நகலெடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர் (copy_from_user) 4104 என்ற எண்ணைத் திருப்பியிருந்தது. பழைய நிரல் அந்த எண்ணை அப்படியே ஐஆக்டிலின் விடையாக அனுப்பிவிடுகிறது. மென்பொருளோ விடை பூஜ்யத்தைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே பிழை என்று கொள்கிறது. 4104 நேர்மறை எண் என்பதால் வெற்றி என்று நினைத்துக்கொண்டது.

இதே அமைப்பு டிரைவரில் எட்டு இடங்களில் உள்ளது. நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் (kmalloc) அழைப்பு, எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டரா என்ற சோதனை, காப்பி_ஃப்ரம்_யூசர், அதன் சோதனை, விடுவிப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து வரி போகிறது. இவற்றையெல்லாம், ஒதுக்குவதையும் நகலெடுப்பதையும் சேர்த்துச் செய்யும் மெம்டூப்_யூசர் (memdup_user) என்ற ஒரே அழைப்பாகச் சுருக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். எட்டு இடங்களையும் ஒரே பேட்சில் (நிரல் மாற்றத் தொகுப்பில்) மாற்றுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

அரூர்_கெர்னல் | திங்கள், இரவு 10.15

வணக்கம். நீங்கள் கண்டுபிடித்த பிழைக்கு ஒரு வரித் திருத்தம் போதும். காப்பி_ஃப்ரம்_யூசர் பூஜ்யமல்லாத எதைத் திருப்பினாலும் தவறான முகவரி என்னும் பிழைக்குறியான மைனஸ் ஈஃபால்ட்டைத் (-EFAULT) திருப்புங்கள், வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழகுக்காகத் திருத்துவதை நான் ஏற்பதில்லை. சுருக்குகிறேன் என்று தொடங்கிய பேட்சுகள் புதிய பிழையைக் கொண்டுவந்ததை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒரு வரி எப்போது, ஏன் வந்தது என்று வரலாற்றில் தேடுபவருக்கும் இத்தகைய பேட்சுகள் குறுக்கே நிற்கும்.

தருமபுரி_ஆசிரியர் | செவ்வாய், காலை 6.30

இருவர் சொல்வதிலும் நியாயம் உள்ளது. ஆனால் இதை அழகு என்று ஒதுக்கிவிட முடியாது.

காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்புவது பிழைக்குறி அன்று. நகலாகாமல் எஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. கெர்னலின் பெரும்பாலான ஃபங்ஷன்கள் எதிர்மறைப் பிழைக்குறியைத் திருப்பும் பழக்கத்தில் இருப்பதால், இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் தவறு அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. 2009இல் 2.6.30 பதிப்பில் மெம்டூப்_யூசர் சேர்க்கப்பட்டபோது, நினைவகம் ஒதுக்குவது, நகலெடுப்பது, நகல் தவறினால் ஒதுக்கியதை விடுவிப்பது ஆகிய மூன்றும் ஒரே இடத்துக்குச் சென்றுவிட்டன. நினைவகம் கிடைக்காவிட்டால் ஈநோமெம், நகல் தவறினால் ஈஃபால்ட் என்று அதுவே முடிவு செய்துவிடுவதால், உங்கள் பிழையைப் போன்ற ஒன்றை எழுதுவதற்கே அங்கு இடமில்லை. ஒரு வரித் திருத்தத்தை எட்டு இடங்களில் செய்யலாம். ஆனால் ஒன்பதாவது இடத்தை அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர் அதே பழைய பதினைந்து வரியைத்தானே பார்த்து எழுதுவார்?

இரண்டு எச்சரிக்கைகள். மெம்டூப்_யூசர் தோல்வியில் வெற்றுப் பாயிண்டரைத் தராது. பிழைக்குறியைச் சுமக்கும் பாயிண்டரைத் தரும். ஈஸ்_எர் (IS_ERR) என்ற சோதனையைக் கொண்டுதான் அதைச் சோதிக்க வேண்டும். சோதனையை மட்டும் மாற்றிவிட்டு, அதன் பின் கட்டுப்பாடு எங்கே போகிறது என்று பார்க்காமல் விடுபவர்கள்தான் அரூர் நண்பர் சொல்லும் புதிய பிழையைக் கொண்டுவருகிறார்கள். அடுத்தது, பழைய கேமல்லாக் அழைப்பில் எந்தக் கொடி (ஒதுக்கும் முறையைச் சொல்லும் குறி) கொடுக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். மெம்டூப்_யூசருக்குக் கொடி கொடுக்கும் இடமே கிடையாது.

சோதிப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சிறிய நிரல் ஒன்றில் அடுத்தடுத்த நினைவகப் பக்கங்களை மேப் செய்து, தலைப்பை முதல் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்து, இரண்டாவது பக்கத்தை அன்மேப் செய்துவிட்டு ஐஆக்டிலை அழையுங்கள். நகல் நடுவில் தவறியே தீரும்.

ஓசூர்_அதிர்வு | செவ்வாய், இரவு 11.05

ஐயா, நீங்கள் எச்சரித்த இடத்திலேயே விழுந்தேன்.

முதல் இடத்தில் மட்டும் மெம்டூப்_யூசர் இட்டு, ஈஸ்_எர் சோதனையும் வைத்து, பிழையென்றால் பழையபடி வெளியேறும் லேபிளுக்குக் கோட்டூ செய்தேன். அந்த லேபிளில் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீயும் (kfree) அதன் பின் பூட்டைத் திறக்கும் வரியும் உள்ளன. நீங்கள் சொன்ன சோதனை நிரலை ஓட்டியதும் கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேரும் கடும் பிழை) வந்தது. அழைப்புத் தடத்தில் கேஃப்ரீ மேலே நின்றது. சோதனை நிரல் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டதால் பூட்டு திறக்கப்படாமல் போனது. அடுத்து அதே ஐஆக்டிலை அழைத்த நிரல் பூட்டுக்காகச் சுழன்றபடியே ஒரு சிபியூவை முழுதாகப் பிடித்துக்கொண்டு நின்றது. இது மேசைமேல் தனியாக வைத்திருக்கும் சோதனைக் கணினி என்பதால் கூடத்தின் வேலைக்குப் பாதிப்பில்லை.

நீங்கள் கேட்ட கொடி ஜிஎஃப்பி_அட்டாமிக், அதாவது தூங்காமல் ஒதுக்கு என்பது. ஒதுக்குவதும் நகலெடுப்பதும் ஸ்பின்லாக் என்ற, பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டைப் பிடித்தபடியே நடக்கின்றன. தலைப்பின் 8 பைட்டை மட்டும் பூட்டுக்கு வெளியே, ஸ்டாக்கில் உள்ள ஒரு மாறியில் முன்னதாகவே நகலெடுக்கிறார்கள்.

பர்கூர்_மாணவி | செவ்வாய், இரவு 11.50

வணக்கம் அண்ணா. பர்கூரில் இறுதியாண்டு படிக்கிறேன். செயல்திட்டத்துக்காக இந்தப் பகுதியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊப்ஸுக்கான காரணத்தைச் சொல்கிறேன். ஈஃபால்ட்டின் எண் 14. நகல் தவறியபோது உங்கள் பாயிண்டரில் இருந்தது மைனஸ் 14. அதாவது முகவரி வெளியின் உச்சியிலிருந்து 14 குறைவான ஓர் எண். ஈஸ்_எர் பாயிண்டரின் மதிப்பு உச்சியில் உள்ள 4095 எண்களுக்குள் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். கேஃப்ரீ வெற்றுப் பாயிண்டரைக் கண்டால் பேசாமல் திரும்பிவிடும். மைனஸ் 14ஐ அப்படி விடாது. அதை உண்மையான முகவரி என்று நம்பி, அந்த நினைவகம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தேடப்போகிறது, அங்கேதான் விழுகிறது. பழைய நிரலில் தோல்வி என்றால் வெற்றுப் பாயிண்டர் என்பதால், எல்லாத் தோல்விகளையும் ஒரே லேபிளுக்கு அனுப்புவது பாதுகாப்பாக இருந்தது.

என் ஐயம் வேறு. கொடி ஜிஎஃப்பி_அட்டாமிக் என்றால் மெம்டூப்_யூசர் இங்கே பொருந்தாது அல்லவா? கொடியை ஏற்கும் ஒரு வகையைக் கெர்னலில் தேடினேன், கிடைக்கவில்லை.

தருமபுரி_ஆசிரியர் | புதன், காலை 6.10

உன் விளக்கம் மிகச் சரி, அம்மா. நீ தேடியது கிடைக்காததற்குக் காரணம் உண்டு.

பயனரின் நினைவகத்தில் எந்தப் பக்கமும் எந்த நேரத்திலும் வெளியேற்றப்பட்டிருக்கலாம். அப்படியானால் நகலெடுக்கும்போது பக்கப்பிழை எழும். கெர்னல் அந்தப் பக்கத்தை வட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதுவரை நகலெடுக்கும் பணி தூங்க வேண்டும். எனவே காப்பி_ஃப்ரம்_யூசர் இயல்பாகவே தூங்கக்கூடியது. தூங்கக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு ஜிஎஃப்பி_அட்டாமிக் தேவையே இல்லை. அந்தக் கொடி தேவைப்படும் இடத்தில் நிற்பவர் காப்பி_ஃப்ரம்_யூசரை அழைக்கவே கூடாது. மெம்டூப்_யூசரில் கொடிக்கு இடமில்லாமல் விட்டதை ஒரு குறை என்று நான் கருதவில்லை. பயன்படுத்துபவரிடம் அது, நீ நிற்கும் இடம் சரிதானா என்று கேட்கிறது. பழைய டிரைவரை எழுதியவர், பூட்டுக்குள் கேமல்லாக் எச்சரிக்கை கொடுத்ததும் கொடியை மாற்றி அதை அமைதிப்படுத்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன்.

ஓசூர் தம்பி, இப்போது உங்கள் 4104க்கு வருவோம். மொத்தம் 8200, எஞ்சியது 4104, நகலானது 4096. அது சரியாக ஒரு பக்கத்தின் அளவு. அட்டவணை முதல் பக்கத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து, அந்தப் பக்கம் முழுவதும் நகலாகி, இரண்டாவது பக்கத்தின் வாசலில் நின்றுவிட்டது. உங்கள் மென்பொருள் அட்டவணைக் கோப்பை எம்மேப் (கோப்பை நேரடியாக நினைவக முகவரியில் பொருத்துவது) செய்து, அந்த முகவரியையே ஐஆக்டிலுக்குக் கொடுக்கிறதா? அப்படியானால் நடந்ததை என்னால் சொல்ல முடியும். தலைப்பைப் பூட்டுக்கு வெளியே நகலெடுத்ததால் முதல் பக்கம் கட்டாயம் நினைவகத்துக்கு வந்திருக்கும். நினைவகம் நெருக்கடியாக இருந்த நாளில் இரண்டாவது பக்கம் வெளியே போயிருக்கும். ஸ்பின்லாக் பிடித்த நிலையில் பக்கப்பிழை எழுந்ததும், ப்ரீஎம்ஷன் எண்ணிக்கை (பூட்டு பிடித்திருப்பதைக் காட்டும் கணக்கு) வைத்திருக்கும் கெர்னல் இது தூங்கக் கூடாத இடம் என்று கண்டுகொள்கிறது. பக்கத்தைக் கொண்டுவர முயலாமலேயே நகலை அங்கே நிறுத்தி, எஞ்சிய எண்ணிக்கையைத் திருப்பிவிடுகிறது. உங்கள் மென்பொருள் கொடுத்த முகவரியில் எந்தத் தவறும் இல்லை.

அரூர் நண்பர் சொன்ன ஒரு வரித் திருத்தத்தைச் செய்திருந்தால், மாதத்தில் ஓரிரு முறை அட்டவணை ஏறாமல் ஈஃபால்ட் வந்திருக்கும். பொய்யான வெற்றியைவிட அது மேல்தான். ஆனால் சரியான முகவரிக்கு ஏன் ஈஃபால்ட் வருகிறது என்று எல்லோரும் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்திருப்பார்கள்.

ஓசூர்_அதிர்வு | புதன், மதியம் 1.20

ஆம் ஐயா, எம்மேப்தான். கடைசியாகத் தவறிய இரண்டு நாட்களிலும் பின்னணியில் நீண்ட பதிவு ஓடிக்கொண்டிருந்ததும், கணினியின் நினைவகம் நிரம்பியிருந்ததும் குறிப்பேட்டில் உள்ளன. இவ்வளவு நாள் அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தேன்.

அரூர்_கெர்னல் | புதன், மாலை 7.45

4104இன் கணக்கை நானும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். என் முதல் பதிலில் ஒரு வரி போதும் என்று சொன்னது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒன்றை வலியுறுத்துகிறேன்: நகலைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவருவதும் மெம்டூப்_யூசர் இடுவதும் தனித்தனிப் பேட்சுகளாக இருக்கட்டும். முன்னது டிரைவரின் நடத்தையை மாற்றுகிறது. பின்னது எழுத்தை மட்டும் மாற்றுகிறது. நாளை ஏதேனும் கெட்டுப்போனால் எதைத் திரும்பப் பெறுவது என்ற குழப்பம் வரக் கூடாது. அத்துடன், அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு நகர்த்துங்கள்.

காவேரிப்பட்டணம்_தராசு | புதன், இரவு 8.30

நான் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் எடைமேடைகளுக்கான மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டிரைவரிலும் இதே வேலையைச் சென்ற பருவத்துக்கு முன் செய்தேன். ஆறு இடங்களை, நிரலில் குறிப்பிட்ட அமைப்புகளைத் தேடும் காக்சினெல் கருவி எடுத்துக் காட்டியது. கெர்னல் மூலத்தோடு வரும் அதன் விதித் தொகுப்பில் மெம்டூப்_யூசருக்கென்றே ஒரு கோப்பு உள்ளது. மேக் காக்சிசெக் என்று ஓட்டினால் பொருந்தும் இடங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கும்.

பட்டியல் கிடைத்ததும் எல்லா இடத்திலும் மாற்றிவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் எங்களுடைய ஆறில் நான்கு இடங்களில் நகலெடுத்தது வெறும் 24 பைட் கொண்ட, அளவு மாறாத ஸ்ட்ரக்ட். அதற்குத் தனியாக ஒதுக்க வேண்டிய ஹீப் நினைவகமே தேவையில்லை. உள்ளூர் மாறி ஒன்றை அறிவித்து, அதற்குள் நேரடியாக காப்பி_ஃப்ரம்_யூசர் செய்து, தவறினால் ஈஃபால்ட்டைத் திருப்பினேன். ஒதுக்குவதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை. எக்ஸ்86 64 பிட்டில் கெர்னல் ஸ்டாக் 16 கிலோபைட் மட்டுமே என்பதால் பெரிய ஸ்ட்ரக்டை இப்படி வைக்கக் கூடாது. ஒரு ஃபங்ஷனின் ஸ்டாக் பயன்பாடு 2048 பைட்டைத் தாண்டினால் வழக்கமான அமைப்பில் கம்பைலரே எச்சரிக்கும். உங்கள் எட்டு இடங்களிலும் இப்படிச் சில இருக்கும், பாருங்கள்.

ஓசூர்_அதிர்வு | வியாழன், இரவு 10.20

பார்த்தேன். எட்டில் ஐந்து இடங்கள் 40 பைட்டுக்கும் குறைவானவை, ஸ்டாக்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். மெம்டூப்_யூசர் தேவைப்படுவது மூன்று இடங்களில்தான்.

அட்டவணை ஐஆக்டிலில் ஸ்பின்லாக் காப்பது ஒன்றை மட்டுமே: தற்போது நடப்பில் உள்ள அட்டவணையைக் காட்டும் பாயிண்டர். இன்டரப்ட் கையாளி அந்தப் பாயிண்டரைத் தொடுவதில்லை. பதிவைப் படிக்கும் கெர்னல் திரெட் மட்டும் தொடுகிறது. எனவே நகலையும் சரிபார்ப்பையும் பூட்டுக்கு வெளியே முடித்துவிட்டு, பூட்டுக்குள் பழைய பாயிண்டரையும் புதியதையும் இடம் மாற்றி, பூட்டைத் திறந்த பின் பழையதை கேஃப்ரீ செய்கிறேன். படிக்கும் திரெட் பூட்டுக்குள் மட்டுமே அட்டவணையைப் பயன்படுத்துகிறது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். மெம்டூப்_யூசர் தவறினால் பிடிஆர்_எர் (PTR_ERR) கொண்டு பிழைக்குறியை எடுத்து நேராகத் திரும்பிவிடுகிறேன், லேபிளே தேவைப்படவில்லை.

சேனல்களின் எண்ணிக்கையைத் தலைப்பிலிருந்து எடுத்து, அதை 16ஆல் பெருக்கி, தலைப்பின் 8ஐக் கூட்டி, அந்த அளவுக்கு முழுவதையும் மெம்டூப்_யூசர் செய்கிறேன். இது பழைய நிரலில் இருந்த கணக்குதான்.

பர்கூர்_மாணவி | வியாழன், இரவு 11.35

அண்ணா, அந்தக் கணக்கில் மூன்று இடங்கள் எனக்கு உறுத்துகின்றன.

பெருக்கலின் விடையை எந்த அளவுள்ள மாறியில் வைக்கிறீர்கள்? 32 பிட் என்றால், எண்ணிக்கை 26,84,35,457 என்று ஒருவர் அனுப்பட்டும். அதை 16ஆல் பெருக்கினால் 4,29,49,67,312. 32 பிட்டில் அடங்காத 4,29,49,67,296 கழிந்து எஞ்சுவது 16 மட்டும். 24 பைட் ஒதுக்கப்படும். நகலும் வெற்றி பெறும். அதன் பின் சேனல்களைக் கையாளும் உங்கள் சுற்று (லூப்) இருபத்தாறு கோடி முறை ஓடப் புறப்படும்.

அடுத்தது, தலைப்பு இருமுறை நகலாகிறது. முதலில் தனியாக, பிறகு முழு அட்டவணையோடு. இரண்டுக்கும் இடையில் அதே நிரலின் வேறொரு திரெட் எண்ணிக்கையை மாற்றிவிடலாம். ஒதுக்கியது முதல் எண்ணின்படி. சுற்று ஓடுவது ஹீப்பில் உள்ள இரண்டாவது எண்ணின்படி என்றால் எல்லை மீறும்.

மூன்றாவது, எண்ணிக்கை பூஜ்யமாக வந்தால் என்ன ஆகும்?

தருமபுரி_ஆசிரியர் | வெள்ளி, காலை 6.20

மூன்றும் சரியான கேள்விகள். எண்ணிக்கைக்கு மேல்வரம்பு வைப்பதுதான் முதல் வேலை. அட்டையில் இருப்பது 512 சேனல் என்றால், 513ஐ உள்ளே விட எந்தக் காரணமும் இல்லை. தலைப்பை மீண்டும் நகலெடுக்காமல், பயனரின் முகவரியில் 8 பைட் தள்ளி, சேனல் வரிசையை மட்டும் எடுத்தால் இரண்டாவது சிக்கலும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

பெருக்கலுக்கு, 2023இல் மெம்டூப்_அரே_யூசர் வந்துவிட்டது. எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு, பெருக்கல் நிரம்பி வழிந்தால் ஈஓவர்ஃப்ளோ தரும். ஆனால் அது 6.7 பதிப்பில் சேர்ந்தது, உங்கள் 6.1இன் முதல் வெளியீட்டில் இல்லை. உங்களிடம் அது இல்லையென்றால், சிறிய எழுத்தில் வரும் அரே_சைஸ் (array_size) என்ற மேக்ரோவின் விடையை மெம்டூப்_யூசருக்குக் கொடுங்கள். பெருக்கல் வழிந்தால் அது சாத்தியமான மிகப் பெரிய எண்ணில் நின்றுவிடும். அவ்வளவு நினைவகம் கிடைக்காது என்பதால் ஈநோமெம் வரும்.

அட்டவணை பெரிது என்று யாராவது விமெம்டூப்_யூசரைப் பரிந்துரைத்தால் யோசித்துச் செய்யுங்கள். அது தரும் நினைவகம் பௌதிக அளவில் தொடர்ச்சியாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. அட்டைக்கு அதை நேரடியாக டிஎம்ஏ (அட்டையே நினைவகத்தை அணுகும் முறை) மேப் செய்ய முடியாமல் போகலாம். விடுவிக்கவும் கேவிஃப்ரீதான் வேண்டும். 8192 பைட்டுக்கு அது தேவையும் இல்லை.

பூஜ்யத்தைப் பற்றி நம் மாணவியே சொல்லட்டும். விடை தெரிந்துதான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பர்கூர்_மாணவி | வெள்ளி, காலை 8.05

நேற்று இரவு மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், ஐயா. பூஜ்ய பைட்டுக்கு கேமல்லாக் வெற்றுப் பாயிண்டரைத் தருவதில்லை. 16 என்ற தனி முகவரியைத் தருகிறது. மெம்டூப்_யூசரும் அதையே திருப்புகிறது. அது வெற்றும் அன்று, பிழைப் பாயிண்டரும் அன்று. எனவே இரண்டு சோதனைகளையும் தாண்டி உள்ளே வந்துவிடும். கேஃப்ரீக்குக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் சுற்றுக்கு வெளியே முதல் சேனலை ஒருமுறை படித்தாலும் கெர்னல் விழும்.

ஓசூர்_அதிர்வு | சனி, மாலை 5.15

என் டிரைவர் அதைத்தான் செய்கிறது, தங்கையே. மாதிரி விகிதத்தை முதல் சேனலிலிருந்து சுற்றுக்கு முன்பே படிக்கும் ஒரு வரி இருந்தது. எண்ணிக்கை பூஜ்யமாகவோ 512க்கு மேலாகவோ இருந்தால் ஒதுக்குவதற்கு முன்பே செல்லாத மதிப்பு என்னும் ஈஇன்வால் (EINVAL) பிழையைத் திருப்பிவிடுகிறேன்.

அரூர் நண்பர் சொன்னபடி நான்கு பேட்சுகளாகப் பிரித்திருக்கிறேன்: சிறிய ஸ்ட்ரக்டுகளை ஸ்டாக்குக்கு மாற்றுவது, எண்ணிக்கையின் வரம்பும் ஒற்றை நகலும், பூட்டுக்கு வெளியே நகர்த்துவது, கடைசியாக மூன்று இடங்களில் மெம்டூப்_யூசர். மூன்றாவது பேட்சின் விளக்கத்தில் 4104இன் கணக்கை முழுமையாக எழுதியிருக்கிறேன்.

நினைவகப் பிழைகளைக் காட்டும் கேசானையும் (KASAN) அட்டாமிக் தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் டீபக் அமைப்பையும் இயக்கிய கெர்னலில் சோதித்தேன். பழைய டிரைவர் முதல் அழைப்பிலேயே, பக்கம் நினைவகத்தில் இருந்தபோதும், தூங்கக் கூடாத இடத்தில் தூங்கக்கூடிய ஃபங்ஷன் என்று எச்சரித்தது. இந்த அமைப்பை இயக்கிய கெர்னலில் இதற்கு முன் யாரும் இந்த டிரைவரை ஓட்டிப் பார்த்ததில்லை. புதியதில் எச்சரிக்கை ஏதும் இல்லை. இரண்டாவது பக்கத்தை அன்மேப் செய்தால் மைனஸ் 14 வருகிறது. நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பி, கோப்பின் பக்கங்களை வெளியேற்றிவிட்டு அழைத்தால், வட்டு ஒரு கணம் ஓடி அட்டவணை முழுதாக ஏறுகிறது. திங்கள் காலை முதல் ஷிப்டில் கூடத்தின் இரண்டு கணினிகளிலும் ஏற்றுகிறேன்.

அரூர்_கெர்னல் | சனி, இரவு 9.00

நான்கு பேட்சுகளையும் படித்தேன். மூன்றாவதில், பழைய அட்டவணையை விடுவிக்கும் கேஃப்ரீ பூட்டைத் திறந்த பிறகு வருவதைச் சரிபார்த்தேன், சரியாக உள்ளது. நான்காவதில் ஒரே ஒரு திருத்தம்: இரண்டாவது இடத்தில் ஈஸ்_எர் சோதனைக்குப் பிறகும் பழைய வெற்றுப் பாயிண்டர் சோதனை எஞ்சி நிற்கிறது. மெம்டூப்_யூசர் வெற்றுப் பாயிண்டரைத் தராது என்பதால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.